நான்கு வரிசை, ஒரே பிள்ளை: பிளஸ் டூவுக்குப் பிந்தைய சேர்க்கைத் தளங்கள் பற்றி வடசென்னையிலிருந்து ஒரு மதிப்பீடு

ரிசல்ட் வந்த அன்று மதியமே தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் பிரவுசிங் சென்டர் வாசலில் செருப்பு குவிந்துவிடும். உள்ளே கணினி முன்னால் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "இன்ஜினியரிங்கா, ஆர்ட்ஸா?" பிள்ளை ஒன்றைச் சொல்லும். அதற்கு மட்டும் விண்ணப்பம் போகும். மற்றவை பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

தப்பு அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. பொறியியலுக்கு டிஎன்இஏ, அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு டிஎன்ஜிஏஎஸ்ஏ, பாலிடெக்னிக்குக்கு ஒன்று, ஐடிஐக்கு ஒன்று என்று அரசே நான்கு தளங்களை நடத்துகிறது. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் ஒன்றில் நடப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. ஆர்ட்ஸ் கல்லூரி மே கடைசி, ஜூனிலேயே கூப்பிட்டுவிடும். பொறியியல் கலந்தாய்வு ஜூலையில் தொடங்கி செப்டம்பர் வரை இழுக்கும். ஐடிஐயில் மிச்ச இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை அதற்கு நடுவில் ஓடும். பின்னால் வரப்போகும் இடத்தை நம்பி முன்னால் வந்ததை விட்டவர்களும், முன்னால் வந்ததில் டிசியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் வந்ததைத் தவறவிட்டவர்களும் இந்தப் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு பேர் கிடைப்பார்கள். நான்குக்கும் மே மாதத்திலேயே போட்டுவைத்தாலும் விண்ணப்பச் செலவு ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. போட்டுவிட்டு வேண்டாததை விடலாம். போடாததைப் பிறகு பிடிக்க முடியாது.

டிஎன்இஏ: இயந்திரம் நேர்மை, விளக்கம் மோசம்

பொறியியலுக்கு ஒற்றைச் சாளர முறை வந்தது 1997-இல். நுழைவுத் தேர்வு 2007 முதல் இல்லை. 2018-இல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது, 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. அதற்கு முன்பு எண்ணூரில் இருக்கும் குடும்பம் விடியற்காலையில் கிளம்பி அண்ணா பல்கலைக்கழகத்தில் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து, சில நிமிடத்தில் கல்லூரியைச் சொல்ல வேண்டும். அந்தப் பதற்றம் போனதற்காகவே இந்தச் சேவைக்கு நல்ல மார்க் போடலாம்.

பதிவுக் கட்டணம் 500 ரூபாய். எஸ்சி, எஸ்சிஏ (அருந்ததியர்), எஸ்டி மாணவருக்கு 250. கட்-ஆஃப் கணக்கு 200-க்கு. கணிதம் முழுசாக 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. கணிதம் 84, இயற்பியல் 72, வேதியியல் 78 என்றால் 84 + 36 + 39 = 159. கணிதத்தில் ஒரு மார்க் என்பது இயற்பியலில் இரண்டு மார்க்குக்குச் சமம். மறுகூட்டலுக்குப் போடும்போது எந்தத் தாளுக்கு முதலில் பணம் கட்டுவது என்பதற்கு இதுவே பதில்.

பதிவு முடிந்ததும் ஒரு பத்து இலக்க ரேண்டம் எண் வரும். அது பெரிதாக வந்துவிட்டதே, சின்னதாக வந்துவிட்டதே என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. கட்-ஆஃப் சமமாக இருந்தால் முதலில் கணித மார்க், அடுத்து இயற்பியல், அப்புறம் மொத்த மார்க்குகள், பிறந்த தேதி என்று வரிசையாகப் பார்த்து, எல்லாமே சமமாக நின்றால்தான் கடைசியில் ரேண்டம் எண்ணுக்கு வேலை.

பெரும்பாலானவர் கோட்டை விடும் இடம் சாய்ஸ் ஃபில்லிங், அதாவது கல்லூரிகளை விருப்ப வரிசையில் பட்டியலிடுவது. அந்தக் கணினி செய்யும் வேலை எளிது. தரவரிசைப்படி ஒருவரை எடுக்கும். அவருடைய பட்டியலில் மேலிருந்து கீழே பார்க்கும். அவர் பிரிவில் இடம் மீதி இருக்கும் முதல் வரியில் நிற்கும். அவ்வளவுதான். கிடைக்காத கல்லூரியை மேலே போட்டால் கிடைக்கக்கூடியதும் போய்விடும் என்று பல பிரவுசிங் சென்டர்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். சுத்தப் பொய். 159 கட்-ஆஃபுக்குக் கிண்டி பொறியியல் கல்லூரியையும் (கல்லூரி எண் 1) குரோம்பேட்டை எம்ஐடியையும் (எண் 4) மேலே போடுவதால் ஒரு பைசா நஷ்டமில்லை. கணினி அவற்றைத் தாண்டிக் கீழே வந்துவிடும். நஷ்டம் வருவது தலைகீழாகப் போட்டால்தான். "இது உறுதியா கிடைக்கும்" என்று சுமாரான கல்லூரியை மூன்றாவது வரியில் வைத்துவிட்டு நல்லதை ஒன்பதாவதில் வைத்தால், மூன்றாவதே கைக்கு வரும். ஒன்பதாவதை அந்தக் கணினி எட்டிக்கூடப் பார்க்காது.

வரிசை ஆசைப்படி இருக்கட்டும், நீளம் பயத்தின்படி இருக்கட்டும். பத்து சாய்ஸோடு நிறுத்துகிறவர்தான் முதல் சுற்றில் வெறுங்கையோடு திரும்புகிறார். உச்ச வரம்பு இல்லை. 159 கட்-ஆஃபுக்கு எழுபது, எண்பது வரிகள் போடுவது நியாயம். தளத்திலேயே முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவு எந்தப் பிரிவினருக்கு எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்ற விவரம் கிடைக்கிறது. அதில் தன் கட்-ஆஃபுக்கு மேலே பத்து மார்க் வரையும் கீழே பதினைந்து மார்க் வரையும் உள்ள கல்லூரிகளை ஒரு நோட்டில் முதலில் எழுதி, வீட்டில் எல்லாரும் பார்த்து, வரிசை முடிவான பிறகுதான் கணினியில் ஏற்ற வேண்டும். திரையைப் பார்த்துக்கொண்டே யோசித்தால் கோட் நம்பர் மாறும். ஒரே பெயர்ச் சாயலில் இருக்கும் கல்லூரிகளின் கோடு மாறி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நினைத்தவருக்கு வேறு மாவட்டத்தில் சீட் வருவது ஒவ்வொரு வருடமும் நடக்கிற கூத்து.

வடசென்னைப் பிள்ளைக்கு அந்த நோட்டில் இன்னொரு பத்தி வேண்டும்: போகும் வழி. திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர்க்காரருக்கு கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயில் கையில் இருக்கிறது. கவரைப்பேட்டைப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு அதே லைனில் போய்விடலாம்; மாணவர் சீசன் டிக்கெட் போதும். ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் குறை. ராயபுரத்திலிருந்து ஓஎம்ஆர் கடைசிக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போவதென்றால் கல்லூரி பஸ்தான். விடிகிற நேரத்தில் தெருமுனையில் நிற்க வேண்டும், பஸ் கட்டணம் தனி. 2017-இல் கட்டண நிர்ணயக் குழு தனியார் கல்லூரியின் கலந்தாய்வு இடத்துக்கு வருடம் 50,000 ரூபாய், தேசிய அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 ரூபாய் என்று வைத்தது. இப்போதைய தொகை எவ்வளவு என்று சேரும் ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டைச் சாய்ப்பது அந்தத் தொகை இல்லை. பஸ், "பிளேஸ்மென்ட் டிரெய்னிங்", சீருடை, லேப் என்று அதன் முதுகில் ஏறி வருபவை. சாய்ஸில் போடுவதற்கு முன்பே கல்லூரி அலுவலகத்துக்குப் போன் செய்து, "முதல் வருஷம் மொத்தமா எவ்வளவு, எழுத்துல கிடைக்குமா?" என்று கேட்டால் பாதிக் கல்லூரிகள் தாமாகவே பட்டியலிலிருந்து கழன்றுகொள்ளும்.

ஐந்து பொத்தான்கள்

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு இரண்டே நாளில் ஐந்தில் ஒன்றை அழுத்த வேண்டும். தளத்தில் இதற்கு இருக்கும் விளக்கம் வழக்கறிஞர் எழுதியது மாதிரி. நடைமுறையில் அர்த்தம் இதுதான்.

ஏற்றுக்கொண்டு சேருகிறேன்: ஒதுக்கீட்டு ஆணை வரும், குறித்த தேதிக்குள் கல்லூரிக்குப் போய்ப் பணம் கட்ட வேண்டும். ஏற்றுக்கொண்டு மேலே காத்திருக்கிறேன்: இந்த இடம் கையில் இருக்கும், இதற்கு மேலே போட்ட வரிகளில் யாராவது சேராமல் விட்டால் அங்கே தள்ளிவிடுவார்கள். இதில்தான் அடி விழும். காத்திருப்பவர் கல்லூரிக்குப் போக வேண்டாம், ஆனால் உதவி மையத்தில் கெடுவுக்குள் பணம் கட்டியே ஆக வேண்டும். "மேலே கிடைச்சா கட்டிக்கலாம்" என்று இருந்தவருக்கு மேலேயும் போய், கையில் இருந்ததும் போய்விடும். மேல் இடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாக ரத்து. திரும்பப் பெற வழியில்லை. ஆகவே பஸ் தூரம் ஒத்துவராத கல்லூரி மேல் வரியில் கிடக்கிறதா என்று பார்க்காமல் இந்தப் பொத்தானைத் தொடக்கூடாது.

வேண்டாம், ஆனால் மேலே காத்திருக்கிறேன்; வேண்டாம், அடுத்த சுற்றுக்கு வருகிறேன்; வேண்டவே வேண்டாம். மீதி மூன்றும் இவை. கடைசிப் பொத்தான் கதவைச் சாத்திவிடும். எதையும் அழுத்தாமல் இரண்டு நாளும் போனால் அதையும் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆடி மாதத்தில் குலதெய்வம் கோயிலுக்குப் போகிற குடும்பங்கள் சுற்றின் தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சேவை நேர்மையானது என்பதற்கு 5-க்கு 4. அழுத்தியதும் என்ன ஆகும் என்று ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்குப் புரியும் தமிழில் திரையிலேயே சொல்லாததற்கு 5-க்கு 2.

சான்றிதழ்: இங்கேதான் பாதிப் பேர் விழுகிறார்கள்

வருவாய்த்துறைச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் ஒன்றுக்கு 60 ரூபாய். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று கோப்பு ஏறி இறங்கும். சாதாரண மாதத்தில் சீக்கிரம் வரும். ரிசல்ட் வந்த வாரத்தில் தண்டையார்பேட்டை, பெரம்பூர், திருவொற்றியூர் தாலுகாக்களில் எல்லாரும் ஒன்றாக விண்ணப்பிக்கிறார்கள், அப்போது தாமதம் நிச்சயம். பிளஸ் டூ தேர்வு முடிந்த மறுநாளே போட வேண்டியது வருமானச் சான்றும் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றும். அண்ணனோ அக்காவோ அந்தச் சலுகையை ஏற்கெனவே வாங்கியிருந்தால் இரண்டாவது பிள்ளைக்குக் கிடையாது. சான்றோடு பெற்றோரும் மாணவரும் கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழியும் சேர்ந்து போக வேண்டும்.

சாதிச் சான்று பழைய கைப்படிவமாக இருந்தால், அட்டைச் சான்றோ கணினிக் கையொப்பமிட்ட மின்சான்றோ வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம். விண்ணப்பத்தில் தேர்ந்தெடுக்கும் பிரிவு, சான்றில் அச்சாகியிருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எஸ்சியா எஸ்சிஏவா, பிசியா எம்பிசியா என்று வீட்டில் பேசிக்கொள்வதை வைத்துப் போடக்கூடாது. மதம் மாறிய குடும்பங்களில் பிரிவும் மாறியிருக்கும். காசிமேடு, ராயபுரத்தில் இது அடிக்கடி வருகிற சிக்கல். இன்னொன்று, திருவொற்றியூரும் மாதவரமும் 2018-இல்தான் திருவள்ளூரிலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தன. பழைய சான்றில் திருவள்ளூர் என்று இருந்தால் சான்று வழங்கிய மாவட்டமும் அதுதான். இன்று இருப்பது சென்னை என்று மாற்றிப் போட்டால் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள்.

69 சதவீத இட ஒதுக்கீடு எல்லாருக்கும் தெரியும். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீதத்தில்தான் குழப்பம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளியும் இதில் சேரும். அரசு உதவிபெறும் பள்ளி சேராது. மிஷன் பள்ளிகளும் அறக்கட்டளைப் பள்ளிகளும் நிறைந்த வடசென்னையில், "கவர்மென்ட் சம்பளம் வாங்குற வாத்தியார்தானே, நம்ம ஸ்கூலும் கவர்மென்ட் ஸ்கூல்தான்" என்று நினைத்து இந்தக் கட்டத்தை டிக் செய்கிறவர்கள் நிறைய. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவருக்கு வழி உண்டு. பலருக்கு அது தெரியாது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். எனவே இரண்டு மூன்று பள்ளி மாறியவர் ஒவ்வொரு தலைமையாசிரியரிடமும் படிப்புச் சான்று வாங்க ஏப்ரலிலேயே நடையைத் தொடங்க வேண்டும். மே மாதத்தில் தலைமையாசிரியரைத் தேடிப் பிடிப்பதே தனி வேலை.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கப்பட்டது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்டில் வந்தது. இவற்றில் உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழி மாணவர்களுக்கும் இடம் உண்டு, 7.5-இல் இல்லை என்பதால் இதிலும் இல்லை என்று விட்டுவிடக் கூடாது. பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் வங்கிக் கணக்கில் ஆதார் எண் பதிவாகி இருந்தாலும் சீடிங் (அரசுப் பணம் அந்தக் கணக்குக்கே வரும்படி இணைப்பது) ஆகாமல் இருப்பது. இரண்டும் வேறு. கிளையில் போய் "ஆதார் சீடிங் பண்ணியிருக்கா?" என்று அந்த வார்த்தையிலேயே கேட்க வேண்டும்.

டிஎன்ஜிஏஎஸ்ஏ: மலிவு, வேகம், ஆனால் பாதிக் கல்லூரி உள்ளே இல்லை

விண்ணப்பம் 48 ரூபாய், பதிவு 2 ரூபாய். எஸ்சி, எஸ்டிக்கு வெறும் 2 ரூபாய். ஒரே விண்ணப்பத்தில் ஐந்து கல்லூரி வரை குறிக்கலாம். இதைவிட மலிவாக ஒரு சேவை கிடையாது. தரவரிசை மொழிப்பாடம் நீங்கிய நான்கு பாடங்களின் 400 மார்க்கில். தமிழ், ஆங்கில இலக்கியத்துக்கு அந்தந்த மொழி மார்க். மேலே 159 கட்-ஆஃப் கணக்குப் போட்ட மாணவர் கணினி அறிவியலில் 80 வாங்கியிருந்தால் அவருக்கு 314. கலந்தாய்வு அந்தந்தக் கல்லூரியிலேயே, நேரில். அழைப்பு குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ வரும், கல்லூரியின் அறிவிப்புப் பலகையிலும் இணையப் பக்கத்திலும் ஒட்டுவார்கள். குறுஞ்செய்தியை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான்.

வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பாரதி மகளிர் கல்லூரி, ஆர்.கே. நகர் அரசு கலைக் கல்லூரி, ரயில் ஏறினால் பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரி எல்லாம் இதன் வழியாக. அரசுக் கல்லூரி மாணவருக்கு மாநகரப் பேருந்தில் இலவச பாஸும் உண்டு. கவனிக்க வேண்டியது, 1950-லிருந்து பழைய வண்ணாரப்பேட்டையில் நடக்கும் சர் தியாகராயா கல்லூரி இந்தத் தளத்தில் வராது. அது அரசு உதவிபெறும் கல்லூரி, தனி விண்ணப்பம். வாசலிலேயே அதன் பெயரில் மெட்ரோ நிலையம் இருப்பதால் விம்கோ நகரிலிருந்துகூட வெயில் படாமல் வந்துவிடலாம். ஆனால் டிஎன்ஜிஏஎஸ்ஏவில் தேடிப் பார்த்துவிட்டு "அங்க சீட் இல்லையாம்" என்று பேசிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

உதவிபெறும் கல்லூரிகளில் பொதுவாகவே ஒரு விஷயம். ஒரே கட்டடம், ஒரே பி.காம்; காலை ஷிப்டில் உதவிபெறும் பிரிவு, மாலை ஷிப்டில் சுயநிதிப் பிரிவு. கட்டணம் பல மடங்கு வித்தியாசப்படும். விண்ணப்பப் படிவத்தில் எந்த ஷிப்ட் என்ற சின்னக் கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டு, பணம் கட்டும் கவுன்ட்டரில்தான் பலர் விழிக்கிறார்கள். படிப்பின் பெயரிலும் கண் வேண்டும். அடைப்புக்குறிக்குள் புதிதாக ஏதாவது சேர்த்த பட்டம் என்றால், அரசு வேலைக்கு அது எதற்கு இணை என்ற அரசாணை இருக்கிறதா என்று கல்லூரியில் கேட்டுவிட்டுச் சேர வேண்டும். மூன்று வருடம் கழித்து டிஎன்பிஎஸ்சி சரிபார்ப்பில் கேட்கப்போகும் கேள்வி அது.

சுயநிதிப் பிரிவுகளை விட்டுவிட்டுப் பார்த்தால் இந்தச் சேவைக்கு 5-க்கு நாலரை.

பாலிடெக்னிக், ஐடிஐ: யாரும் விளம்பரம் செய்யாத கணக்கு

கட்-ஆஃப் 100-க்குக் கீழே இருக்கும் கணிதப் பிரிவு மாணவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லாமல் விடுவது பாவம். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவரும் தொழிற்கல்விப் பிரிவுக்காரரும் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். இரண்டே வருடத்தில் டிப்ளமோ. அங்கிருந்து பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டு, மூன்று வருடம். ஆக ஐந்து. சுமாரான கல்லூரியில் நேராக பி.இ. சேர்ந்து நாலு வருடத்தை அரியரோடு முடிப்பதைவிட ஒரு வருடம்தான் கூடுதல், நடுவில் கையில் ஒரு டிப்ளமோ வேறு. கெடுதல் என்னவென்றால், இரண்டாம் ஆண்டில் நுழையும் பிளஸ் டூ மாணவருக்கு வரைபடமும் பட்டறையும் முதல் வருடத்திலேயே முடிந்து போயிருக்கும். முதல் செமஸ்டரில் தடுமாற்றம் இருக்கும்.

ஐடிஐ விண்ணப்பம் 50 ரூபாய். பட்டியலில் வடசென்னை என்ற பெயரிலேயே ஓர் அரசு நிலையம் உண்டு, அம்பத்தூரும் எட்டும் தூரம். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, சைக்கிள், பஸ் பாஸ். வெல்டர் ஒரு வருடம். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம். பிளஸ் டூ முடித்துவிட்டு ஐடிஐயா என்று உறவுக்காரர் முகம் சுளிப்பார். மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் அசோக் லேலண்ட், அத்திப்பட்டு அனல்மின் நிலையம், துறைமுகங்கள் எல்லாம் சுற்றி இருக்கிற ஊரில் ஃபிட்டருக்கும் வெல்டருக்கும் என்ன மரியாதை என்று அந்த உறவுக்காரருக்குத் தெரியாமல் இருக்காது.

தளத்தின் பலவீனம் என்னவென்றால், எந்தத் தொழிற்பிரிவில் என்ன வேலை என்று ஒரு வரிகூட இல்லை. "டர்னர்", "மெஷினிஸ்ட்" என்று பெயர் மட்டும் வரும். விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு நாள் நிலையத்துக்கே போய்ப் பட்டறையைப் பார்த்துவிட்டு வருவதுதான் வழி, பெரும்பாலும் உள்ளே விடுவார்கள்.

ஐடிஐ முடித்தவருக்கும், முடிக்காத பத்தாவது, பிளஸ் டூக்காரருக்கும் பெரம்பூர் ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) தொழில்பழகுநர் (அப்ரன்டிஸ்) பயிற்சி தருகிறது. தேர்வு கிடையாது, மதிப்பெண் வரிசைதான். வயது வரம்பு இறுக்கம். பயிற்சி முடித்தால் ரயில்வே வேலை உறுதி என்று யாராவது சொன்னால் நம்பக்கூடாது. கடைநிலைப் பணித் தேர்வுகளில் பழகுநர் முடித்தவர்களுக்கு 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு, அதுவும் தேர்வு எழுதித்தான்.

கடல் பக்கம் ஒரு தனி வரிசை இருக்கிறது. ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்திலேயே மத்திய அரசின் மீன்பிடிக் கப்பல் பயிற்சி நிலையமான சிஃப்நெட்டின் சென்னைக் கிளை இயங்குகிறது. மீன்பிடிக் கப்பல் செலுத்துநர், மரைன் ஃபிட்டர் என்று இரண்டு இரண்டாண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்பில் கணிதத்திலும் அறிவியலிலும் தலா 40 சதவீத மார்க் இருந்தால் போதும். வயது 16-இலிருந்து 20-க்குள். ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்துவிட்டுப் பார்க்கலாம் என்றால் வயது ஓடிவிடும். பொன்னேரி மீன்வளக் கல்லூரியின் பட்டப்படிப்புக்கும் விண்ணப்பம் தனி; மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. மேலே சொன்ன நான்கு தளங்களில் எதிலும் இவை இரண்டும் தெரியாது. காசிமேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒன்று, ரயில் தூரத்தில் ஒன்று இருந்தும் கடலோரப் பிள்ளைகளுக்குச் செய்தி போய்ச் சேராதது இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை.

அதே கடலைக் காட்டி "கப்பல் வேலை" என்று லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட்டுகளும் இந்தப் பக்கம் உண்டு. கப்பலுக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஆர்பிஎஸ்எல் உரிமம் வைத்திருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேட்டு இயக்குநரகத்தின் தளத்தில் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது.

பிரவுசிங் சென்டர் என்ற ஐந்தாவது சேவை

மேலே உள்ள எதையும் வீட்டில் போனிலேயே செய்யலாம். ஆவணம் ஏற்றும் போதுதான் கோப்பின் அளவு, போட்டோவின் பின்னணி என்று மல்லுக்கட்ட வேண்டும். அதற்காகச் சென்டருக்குப் போவதில் தவறில்லை. டிஎன்இஏ உதவி மையங்களில் இதையே இலவசமாகச் செய்து தருகிறார்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும். பட்டியல் தளத்தில் இருக்கிறது.

சென்டரில் விடக்கூடாத இரண்டு: செல் எண், கடவுச்சொல். கூட்ட நேரத்தில் அவசரத்துக்கு அவர்கள் எண்ணையே போட்டுவிடுவார்கள். பிறகு ஒதுக்கீட்டு நாளில் ஓடிபி அந்தக் கடைக்காரர் போனுக்குப் போகும். அவர் சாப்பிடப் போயிருப்பார். யாரோ கொடுத்த பணத்துக்கு சாய்ஸ் வரிசையை மாற்றி லாக் செய்துவிட்டார்கள் என்ற புகாரெல்லாம் வருவது இந்தக் கடவுச்சொல் விவகாரத்தில்தான். லாக் செய்யும் வேலையை மாணவரே செய்து, லாக் ஆன பட்டியலை அங்கேயே அச்செடுத்து வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும்.

சொந்த எண் கொடுத்தாலும் அது ப்ரீபெய்டு. மே மாதம் போட்ட ரீசார்ஜ் ஜூனில் தீர்ந்து, கொஞ்ச நாளில் வரும் செய்திகளும் நின்றுபோகும். பதிவு செய்த எண்ணுக்கு செப்டம்பர் வரை ரீசார்ஜ் இருக்க வேண்டும். இதை விண்ணப்பச் செலவில் சேர்த்தே கணக்குப் போடலாம்.

கடைசியாக டிசி. ஜூனில் ஆர்ட்ஸ் கல்லூரியில் சேரும்போது மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவிப்பு விட்டிருக்கிறது. சேர்க்கையை ரத்து செய்தால் எந்தத் தேதிக்குள் எவ்வளவு பணம் திரும்ப வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. டிசியை மட்டும் எப்படியும் கேட்பார்கள். கொடுப்பதற்கு முன் கையொப்பம் வாங்கிய நகல் மூன்று, கொடுத்த தேதி போட்ட ரசீது ஒன்று. ஆகஸ்ட்டில் பொறியியல் இடம் வந்து கல்லூரி மாறும்போது, ரத்துக் கடிதத்தைக் கையில் கொடுத்து அலுவலக முத்திரை வாங்கிக்கொண்டு, அன்றைக்கே டிசியைக் கேட்க வேண்டும். முதல்வர் மீட்டிங்கில் இருக்கிறார் என்பார்கள். உட்கார்ந்திருந்தால் மாலைக்குள் வந்துவிடும்.